கிணற்று நீரும் பள்ளிச் சிறாரும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஊர் நலத்தைப் பற்றிப் பேச நாம் கூடும்போதெல்லாம் பெரும்பாலும் தண்ணீரின் அளவைப் பற்றியே பேசுகிறோம். கோடையில் கிணறு வற்றிவிட்டது, மோட்டார் காற்றை இழுக்கிறது, மேல்நிலைத் தொட்டி நிரம்பவில்லை, தெருக்கோடி வீட்டுக்குக் குழாய்நீர் எட்டவில்லை என்னும் மனுக்களே ஒன்றிய அலுவலகத்துக்கு மிகுதியாக வருகின்றன. இவை நியாயமான குறைகளே. ஆயினும் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் அதைக் குடிக்கலாகாது என்னும் நிலையும் ஒன்று உண்டு. அளவு குறைந்தால் கயிற்றின் நீளம் சொல்லிவிடும். குணம் கெட்டதைக் கயிறு சொல்லாது. கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் நீரிலும் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு இருக்கலாம். கைக்குழந்தைக்குத் தீங்கு செய்யும் நைட்ரேட் இருக்கலாம். வயிற்றுப் போக்கை உண்டாக்கும் கிருமி இருக்கலாம்.

இக்கேட்டை எவ்வாறு கண்டறிவது, கண்டறியும் பணியில் நம் பள்ளிப் பிள்ளைகளை எவ்வாறு ஈடுபடுத்துவது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக் கூடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பெரியோர் வாக்கு. நீர் மாசடையும் காரணங்களைக் கேட்டால் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வரிசையாக எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவான். உன் தெருக் கைபம்பில் வரும் நீர் நல்லதா, தீயதா என்று கேட்டால் விழிப்பான். அது மாணவனின் குற்றமன்று. விடை தெரிந்த வினாக்களையே அவனிடம் நாம் கேட்டு வந்திருக்கிறோம். விடை யாருக்கும் தெரியாத வினா ஒன்றை, அவனுடைய ஊரிலிருந்தே எடுத்து அவன் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போது அவன் கற்பதும் மெய்யான கல்வியாகும். ஊருக்கும் பயன் விளையும்.

லண்டன் நகரத்துப் பம்பு

நீரில் கலந்த நஞ்சைத் தேடிக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவிகள் இருந்தால்தான் முடியும் என்று எண்ண வேண்டா. 1854 ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் சோஹோ என்னும் பகுதியில் காலரா நோய் பரவிற்று. பத்து நாட்களுக்குள் ஏறத்தாழ ஐந்நூறு பேர் மாண்டனர். கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்பதே அக்காலத்து மருத்துவர் பலருடைய கொள்கை. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் மட்டும் நீரின்மீது ஐயங்கொண்டார். அவர் வீடு வீடாகச் சென்று, இறந்தவர் எங்கே குடியிருந்தார், எந்தப் பம்பின் நீரைக் குடித்தார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இறப்புகள் பிராட் தெருவிலிருந்த ஒரு பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன.

இத்துடன் அவர் நின்றாரில்லை. தம் முடிவுக்குப் பொருந்தாத செய்திகளையும் தேடிச் சென்றார். பம்புக்கு அருகிலேயே இருந்த ஏழையர் விடுதியில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இருந்தும் மிகச் சிலரே இறந்தனர். விசாரித்ததில் அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது தெரிந்தது. அத்தெருவிலிருந்த மதுவடிப்புச் சாலையின் தொழிலாளர்க்கு நோய் தாக்கவில்லை. அவர்கள் பம்பு நீரைக் குடிப்பதே இல்லை. தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட் என்னும் இடத்தில் வாழ்ந்த ஓர் அம்மையார் காலராவில் இறந்தார். அவர் முன்னர்ப் பிராட் தெருவில் குடியிருந்தவர், அந்நீரின் சுவையை விரும்பி நாள்தோறும் அங்கிருந்து வருவித்துக் குடித்தவர் என்பது பின்னர்த் தெரிந்தது. செப்டம்பர் 8 ஆம் நாள் அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் ஸ்நோவே நேர்மையுடன் எழுதிவைத்தார்.

அப்பகுதியின் பாதிரியாரான ஹென்றி ஒயிட்ஹெட் முதலில் ஸ்நோவின் கருத்தை ஏற்றாரில்லை. மறுப்பதற்காகவே அவரும் வீடு வீடாக விசாரித்தார். முடிவில் அவரே, நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளைக் கழுவிய நீர் விடப்பட்ட கழிவுக்குழி அக்கிணற்றை ஒட்டியே இருந்ததைக் கண்டறிந்தார். காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிப்படுத்தியது 1884 ஆம் ஆண்டில்தான். கிருமி இன்னது என்று உறுதியாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, வரைபடமும் விசாரணையும் கொண்டு கெட்ட கிணற்றைக் கண்டுபிடித்துவிட்டனர். இதை ஏன் விரித்துச் சொல்கிறோம் என்றால், வினவுதல், குறித்தல், வரைதல், பொருந்தாததை ஆராய்தல் ஆகிய இந்நான்கையும் நம் பள்ளிப் பிள்ளைகள் செய்ய வல்லவர்கள்.

திண்டுக்கல் பகுதிக் கிணறுகள்

இது சீமைக் கதைதானே என்று கருத வேண்டா. நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. வட ஆற்காட்டுப் பகுதியிலும் திண்டுக்கல்லிலும் தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஆகிய ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் தொண்டு நிறுவனம் ஒன்று கிணறு கிணறாகக் கணக்கெடுத்தது. குடிப்பதற்கும் பாசனத்துக்கும் பயன்பட்டு வந்த 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுவிட்டன என்று தெரிந்தது. 1996 ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் வழங்கிய தீர்ப்பில் இக்கணக்கு எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும், தீங்கு நேருமுன்பே தடுக்க வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

கிணறுகளை எண்ணிப் பார்த்த ஒரு கணக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் பேசப்பட்டது. தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று புலம்பியிருந்தால் அது புலம்பலாகவே போயிருக்கும். எண்ணிக்கையாகச் சொன்னதால் சான்றாயிற்று. இதுவே நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க விரும்பும் முதற்பாடம்.

முதலில் வினா

இனிச் செய்முறைக்கு வருவோம். ஆசிரியர் வகுப்பில் நுழைந்து, இன்ன கிணறு இன்ன காரணத்தால் கெட்டது என்று சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். அவர் வினாவை மட்டும் வைக்க வேண்டும். நம் ஊரில் எத்தனை கிணறுகள், எத்தனை ஆழ்குழாய்கள், எத்தனை கைபம்புகள் உள்ளன? எதன் நீரைக் குடிக்கிறோம்? எதைக் குடிக்காமல் விட்டோம், எந்த ஆண்டில், ஏன்?

இக்கடைசி வினாவுக்கு விடை முதியோரிடம் இருக்கிறது. எந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகும், எதில் வேகாது, எதில் சோப்பு நுரைக்காது, எந்தக் கிணற்று நீரை வைத்திருந்தால் பானையில் வெள்ளைப் படிவு ஏறும் என்பதை நம் தாய்மார்கள் நன்கறிவார்கள். நீரின் கடினத்தன்மையைக் கருவியின்றியே அளந்த அறிவு அது. மாணவர்கள் அதனைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பின்னர்ச் சோதனையில் வரும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அடுத்து ஊரின் வரைபடம். கிணறுகளை மட்டும் குறித்தால் போதாது. கழிப்பிடக் குழிகள், சாக்கடை முடிவிடங்கள், எருக்குழிகள், குப்பை கொட்டும் இடம், சிறு தொழிற்சாலை இருப்பின் அதன் கழிவு வெளியேறும் இடம், உரமிட்டுப் பயிர் செய்யும் வயல்கள் ஆகிய யாவும் அதில் வர வேண்டும். ஊரின் எல்லாக் குடியிருப்புகளும் வர வேண்டும். ஊர்த் தெருவை வரைந்துவிட்டுக் காலனியை விட்டுவிட்ட படம் முழுப்படம் ஆகாது. மேட்டுத் தெருவின் சாக்கடை எங்கே போய் நிற்கிறது, அங்கே யாருடைய கைபம்பு இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் நேரிற் சென்று பார்த்துக் குறிக்கட்டும்.

தொட்டிக்குள் ஒரு நிலம்

நிலத்தடி நீர் என்றதும் பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது என்று எண்ணுவோர் பலர். இவ்வெண்ணத்தை மாற்ற ஒரு கண்ணாடித் தொட்டி போதும். மீன் வளர்க்கும் பழைய தொட்டியாயினும் நன்று. அடியில் கூழாங்கல்லும் அதன்மேல் மணலும் பரப்ப வேண்டும். இரண்டு இடங்களில் அடிப்பக்கம் துளையிட்ட சிறு குழாய்களைச் செங்குத்தாக நட வேண்டும், அவை கிணறுகள். ஒரு மூலையில் மணலின்மேல் சாயப்பொடி சிறிது தூவ வேண்டும், அது கழிவுக்குழி. பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளித்தால் அது மழை. பிறகு ஒரு குழாயிலிருந்து பீச்சாங்குழலால் நீரை உறிஞ்ச வேண்டும், அது மோட்டார்.

சிறிது நேரத்தில் சாயம் மணலின் ஊடே இறங்கி, உறிஞ்சும் குழாயை நோக்கி நகர்வதைப் பிள்ளைகள் கண்ணாடி வழியே காண்பார்கள். மூன்று உண்மைகள் அவர்கள் மனத்தில் தாமே பதியும். மேலே கொட்டியது கீழே போகிறது என்பது ஒன்று. மோட்டார் நீரை மட்டுமன்றி அழுக்கையும் தன்பால் இழுக்கிறது என்பது மற்றொன்று. சாயம் தூவுவதை நிறுத்திய பிறகும் தொட்டி நெடுநேரம் தெளிவதில்லை என்பது மூன்றாவது. வாய்க்காலில் விழுந்த அழுக்கு வெள்ளத்தோடு போய்விடும். நிலத்தடியிற் சேர்ந்த அழுக்குப் பல்லாண்டு தங்கும்.

நீர் எப்பக்கம் நகர்கிறது?

ஒரு கிணறு கெட்டிருந்தால் அதற்கு எப்பக்கத்திலிருந்து நீர் வருகிறது என்று அறிய வேண்டும். இதற்கு மூன்று கிணறுகளும், கொத்தனார் கையாளும் தண்ணீர் மட்டக் குழாயும், ஓர் அளவு நாடாவும் போதும். விளக்கத்துக்காக ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம்.

கோயிற்படியின் மட்டத்தை 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மட்டக் குழாயால் அளந்தபோது கோயில் கிணற்றின் விளிம்பு 100.0 மீட்டர், பள்ளிக் கிணற்றின் விளிம்பு 98.0 மீட்டர், தோட்டக் கிணற்றின் விளிம்பு 99.2 மீட்டர் என்று வந்தன. விளிம்பிலிருந்து நீர்வரை உள்ள ஆழம் முறையே 8.0, 7.0, 8.7 மீட்டர். ஆழத்தை மட்டும் பார்க்கும் மாணவன், பள்ளிக் கிணற்றில்தான் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது என்பான். விளிம்பின் உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் உண்மை புலப்படும். கோயில் கிணற்றின் நீர்மட்டம் 92.0; பள்ளிக் கிணற்றினது 91.0, தோட்டக் கிணற்றினது 90.5. ஆகவே மிக உயர்ந்தது கோயில் கிணறு. மிகத் தாழ்ந்தது தோட்டக் கிணறு.

கோயில் கிணற்றுக்கும் தோட்டக் கிணற்றுக்கும் இடையே 300 மீட்டர் தூரம் என்போம். அத்தூரத்தில் மட்டம் 1.5 மீட்டர் இறங்குகிறது. 91.0 என்னும் மட்டம் வர ஒரு மீட்டர் இறங்க வேண்டும். அஃதாவது கோயில் கிணற்றிலிருந்து 200 மீட்டரில் அப்புள்ளி அமையும். வரைபடத்தில் அப்புள்ளியையும் பள்ளிக் கிணற்றையும் ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். அக்கோடு நெடுகிலும் நீர்மட்டம் 91.0. அக்கோட்டுக்குச் செங்குத்தாக, தோட்டக் கிணறு இருக்கும் பக்கம் நோக்கி ஓர் அம்பு வரைந்தால் அதுவே நிலத்தடி நீர் நகரும் திசை. கணக்குப் பாடத்தில் கற்ற விகிதமும் செங்குத்துக் கோடும் இவ்வாறு ஊர்க்கிணற்றுக்குப் பயன்படும்.

இதிலும் எச்சரிக்கை வேண்டும். அதிகாலையில், மோட்டார்கள் ஓடத் தொடங்குமுன் அளக்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். அங்கே நீர் பாறை வெடிப்புகளின் வழியே செல்வதால் அம்பு காட்டும் திசையிலிருந்து விலகவும் கூடும். ஆகையால் அம்பு ஒரு வழிகாட்டியே. அதனையே தீர்ப்பாகக் கொள்ளலாகாது என்பதையும் மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

சீசாவும் சீட்டும்

அடுத்து நீர் எடுத்தல். அலட்சியமாக எடுத்த நீர் பொய்ச்சான்று சொல்லும். சீசாவை அதே நீரால் மூன்று முறை அலம்பிய பின் நிரப்ப வேண்டும். கைபம்பாயினும் ஆழ்குழாயாயினும் சில நிமிடங்கள் நீரை வெளியேற்றிவிட்டுப் பிறகே பிடிக்க வேண்டும். குழாயில் தேங்கியிருந்த நீர் நிலத்தடி நீர் ஆகாது. கிணற்றின் எண், நாள், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். கிருமிச் சோதனைக்குத் தூய்மையாக்கப்பட்ட தனிச் சீசா வேண்டும், அதனை அலம்பலாகாது, குளிர்ச்சியில் வைத்துத் தாமதமின்றி ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும்.

ஒரே கிணற்று நீரை இரண்டு சீசாக்களில் பிடித்து, வெவ்வேறு எண் கொடுத்து, சோதிப்பவருக்குத் தெரியாமல் வைப்பது நல்ல முறை. இரண்டும் ஒரே விடை தந்தால் சோதனையை நம்பலாம். மாறினால் மீண்டும் செய்ய வேண்டும். தன் கண்ணையும் கையையும் தானே சோதித்துக்கொள்ளும் இப்பழக்கம் அறிவியலின் உயிர்நாடி.

2019 ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ், கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இப்பயிற்சி பெற்ற மகளிரைப் பள்ளிக்கு அழைத்து வருக. தன் தாயோ அத்தையோ வகுப்பின் முன் நின்று சோதனை செய்து காட்டுவதைக் காணும் பெண்பிள்ளைக்கு அறிவியல் அயலார் சொத்தாகத் தோன்றாது. நீரில் மலக்கிருமி கலந்துள்ளதா என்று எளிதில் காட்டும் சீசாச் சோதனையும் உண்டு. நீர் நிரப்பி வைத்த ஓரிரு நாளில் கறுத்துவிட்டால் ஐயத்துக்கு இடமுண்டு. இம்முறை நம் நாட்டு விஞ்ஞானிகளால் 1982 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. களப் பெட்டி ஐயத்தைத்தான் எழுப்பும். முடிவு சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் அதற்கென்றே உள்ளன.

பாதுகாப்பையும் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம். திறந்த கிணற்றருகே ஆசிரியரும் பெரியவர் ஒருவரும் இன்றி எந்தப் பிள்ளையும் போகலாகாது. சோதனை நீரை நாவில் வைத்துப் பார்க்கலாகாது. பெட்டியிலுள்ள மருந்துகளைக் கையுறையின்றித் தொடலாகாது. மூடாமற் கிடக்கும் ஆழ்குழாயைக் கண்டால் அன்றே பஞ்சாயத்துக்குத் தெரிவித்து மூடச் செய்ய வேண்டும்.

எண்கள் சொல்லும் செய்தி

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வகுத்த அளவுகளை ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் எழுதிவைத்தல் நலம். ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு வழியில்லாதபோது 2000 வரை பொறுக்கலாம். குளோரைடு 250; வேறு வழியில்லாதபோது 1000. ஃப்ளோரைடு 1.0, வேறு வழியில்லாதபோது 1.5. நைட்ரேட் 45, இதற்குச் சலுகை கிடையாது. மலக்கிருமி 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூட இருத்தலாகாது.

இவ்வெண்களைத் தனித்தனியே பாராமல் சேர்த்துப் பார்க்க வேண்டும். நைட்ரேட்டும் குளோரைடும் உயர்ந்து மலக்கிருமியும் காணப்பட்டால், கழிப்பிடக் குழியின்மீதோ எருக்குழியின்மீதோ ஐயம் கொள்ளலாம். கிருமியின்றி நைட்ரேட் மட்டும் வயல்நடுக் கிணற்றில் உயர்ந்திருந்தால் உரத்தின்மீது ஐயம் செல்லும். ஃப்ளோரைடு பல கிணறுகளில் பரவலாக உயர்ந்திருந்தால் அது பெரும்பாலும் பாறையின் இயல்பு. அங்கே யாரையும் குற்றஞ்சொல்லிப் பயனில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்ததால் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. காரணம் வேறானால் பரிகாரமும் வேறாகும். அதனால்தான் காரணத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் போகா. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும். நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மாவு கரைத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுத்தால், இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, குழந்தையின் உடல் நீலம் பாரிக்க நேரிடலாம். ஆகவே நைட்ரேட் மிகுந்த கிணறு எது என்பது பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உழவர்களுக்கும் ஒரு சொல். பயிர் உண்டது போக மிஞ்சிய தழைச்சத்தே நீரோடு இறங்கி நைட்ரேட்டாகக் கிணற்றைச் சேர்கிறது. யூரியா மூட்டைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு கிணற்றில் கரைகிறது என்பதே இதன் பொருள். மண் பரிசோதனைப்படி அளவறிந்து, ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுவது பயிருக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது, அண்டை வீட்டுக் குழந்தைக்கும் நல்லது.

பஞ்சாயத்து என்ன செய்யும்?

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். பிள்ளைகள் வரைபடம் தயாரித்துவிட்டார்கள், எண்களையும் எழுதிவிட்டார்கள். அப்படம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கழிவுக்குழியைச் சுட்டினால் என்ன செய்வோம்? ஊருக்கு வேலை கொடுக்கும் ஆலையைச் சுட்டினால் என்ன செய்வோம்? காலனிக் கைபம்பு ஒன்றே கெட்டிருக்கிறது, மற்றவை நன்றாயிருக்கின்றன என்று காட்டினால், மற்றவை நன்றாயிருக்கின்றனவே என்று சும்மா இருந்துவிடுவோமா?

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று சொல்லி அப்படத்தைச் சுருட்டி வைத்துவிட்டால், அப்பிள்ளைகள் அன்று ஒரு பாடம் கற்பார்கள். உண்மையைத் தேடுவது வீண்வேலை என்பதே அப்பாடம். எந்த ஆசிரியராலும் பிறகு அதனை அழிக்க முடியாது. அதைவிட இம்முயற்சியைத் தொடங்காமலே இருந்துவிடலாம். ஆகையால் முதற்சீசாவை நிரப்புமுன்பே பஞ்சாயத்துத் தன் மனத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விடை யாருக்குக் கசந்தாலும் வெளியிடுவோம் என்னும் உறுதி இருந்தால்தான் வினாவைக் கேட்க நமக்கு உரிமையுண்டு.

அதே வேளையில், ஆய்வுக்கூடம் உறுதி செய்யுமுன் யார் பெயரையும் தெருவில் பேசுவது தகாது. மாணவர்களுக்கும் இதனைக் கற்பிக்க வேண்டும். அவர்கள் சொல்லத் தக்கது, இன்ன எண்ணுள்ள கிணற்றில் இன்ன அளவு காணப்பட்டது, மேல்வரத்தில் இன்னின்னவை உள்ளன என்பதே. அதற்குமேல் விசாரித்து நடவடிக்கை எடுக்கப் பஞ்சாயத்தும் ஒன்றியமும் குடிநீர் வாரியமும் உள்ளன. தொழிற்சாலைக் கழிவாயின் 1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உள்ளன. ஒரு குழந்தையைச் சாட்சிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று.

பரிகாரங்களிற் பல பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், கைபம்பைச் சுற்றி வெடிப்பில்லாத மேடையும், வழிந்த நீர் விலகி ஓட வாய்க்காலும் அமைத்தாலே மேலிருந்து இறங்கும் அழுக்குப் பெரிதும் குறையும். உறிஞ்சுகுழிக் கழிப்பிடத்தைக் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது பத்து மீட்டராவது தள்ளி அமைக்க வேண்டும். பாறை வெடிப்புள்ள நிலத்தில் இன்னும் தள்ளி அமைக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி நீரில் குளோரின் முறையாகக் கலக்கப்படுகிறதா என்பதைக் கடைசிக் குழாயில் சோதிக்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருத்தல் வேண்டும். இச்சோதனையை மாணவர் குழு வாரந்தோறும் செய்து பலகையில் எழுதலாம். குடிக்கலாகாத கைபம்புக்குச் சிவப்பு வண்ணம் பூசி, புழக்கத்துக்கு மட்டும் என்று எழுதி, அருகிலேயே நல்ல நீருக்கு வழி செய்ய வேண்டும். வண்ணம் பூசிவிட்டு மாற்று வழி செய்யாவிடில், வேறு நீர் இல்லாதவர் சிவப்புப் பம்பிலேயே குடத்தை வைப்பார்.

மார்ச் 22 ஆம் நாள் உலகத் தண்ணீர் நாள். அன்றும் கிராம சபை கூட்டும் வழக்கம் நம் மாநிலத்தில் 2022 ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. ஊர்ப் பள்ளி மாணவ மாணவியர் தம் வரைபடத்தை அச்சபையில் விரித்து, கிணறு கிணறாகப் படித்துக் காட்ட அதைவிடத் தக்க நாள் வேறில்லை. மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் அளந்து, ஆண்டுதோறும் ஒரே ஏட்டில் எழுதி வந்தால், ஐந்தாறு ஆண்டுகளில் ஊரின் நீர்க்கணக்கு ஒன்று உருவாகும். பிறப்பு இறப்புக்குப் பதிவேடு வைக்கிறோம்; வரிக்குப் பதிவேடு வைக்கிறோம்; ஊரே குடிக்கும் நீருக்கும் ஒரு பதிவேடு வேண்டாவா?

ஆகவே, கூடியிருக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்களிடம் நாம் மூன்று காரியங்களை வேண்டிக்கொள்கிறோம். ஊர் திரும்பியதும் தலைமையாசிரியரைக் கண்டு, ஒரு வகுப்பை இப்பணிக்குத் தேர்ந்தெடுங்கள். பரிசோதனைப் பெட்டி எங்கே இருக்கிறது, அதன் மருந்துகள் காலாவதி ஆகாமல் உள்ளனவா என்று பாருங்கள். பல இடங்களில் அது பீரோவுக்குள் உறங்குகிறது. முடிவுகளை மறைக்காமல் வெளியிடுவோம் என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். தீர்மானம் வந்த ஊர்களுக்கு முதலில் வந்து, மட்டக் குழாயைப் பிடிக்கவும் கணக்கைச் சரிபார்க்கவும் நாமும் பொறியாளரும் துணைநிற்போம்.

கிணறு வெட்டியவர்கள் நம் முன்னோர். அதில் நல்ல நீரை நிலைக்கச் செய்து பின்வருவோர் கையில் ஒப்படைப்பது நம் கடன். அக்கடனை ஆற்றும் அறிவையும் இப்போதே அவர்கள் கையில் கொடுத்துவிடுவோம்.